சூசையப்பர் படியில் நாற்பது இறாத்தல் அரிசி

ஆடு சுடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை வாசித்துவிட்டு, "ஆடு எங்கே?" என்று யாரும் என் சட்டையைப் பிடிக்கக் கூடாது. ஆகஸ்டில் மலைக்குப் போனது உண்மை. ஆடுகளைக் கண்டதும் உண்மை. நாங்கள் அவற்றைக் காணுமுன்பே அவை எங்களைக் கண்டுவிட்டன என்பதும் உண்மை. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முந்திய கதை, சாமான் வாங்கிய கதை. வேட்டைக்குப் போகிற எவரையும் கேட்டுப் பாருங்கள், உண்மை பேசுகிறவராக இருந்தால், பாதி வேட்டை கடையில்தான் நடக்கிறது என்பார். எனக்கு முக்கால்வாசி அங்கேதான் நடந்தது.

தொடக்கி வைத்தவன் மச்சான், என் மனைவியின் தம்பி. கனடாவின் மேற்கே, மலைகளுக்கு நடுவில் ஒரு சுரங்கத்தில் லொறி திருத்துகிறான். அந்த ஊரில் அவன்தான் ஒரேயொரு தமிழன் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் அவனுக்குக் கதைக்க நிறைய இருக்கும். பங்குனியில் ஒருநாள் எடுத்தான்.

"அத்தான், மலை ஆட்டு வேட்டைக்கு வாறன் வாறன் எண்டு எத்தினை வருசமாச் சொல்லுறியள். இந்த வருசம் வந்தால் வாங்கோ. புரட்டாதியோட நான் ரொறன்ரோவுக்கு மாறுறன். பேந்து உங்களுக்கு மலையுமில்லை, ஆடுமில்லை."

"என்ன திடீரெண்டு?"

"காணும் அத்தான். குளிரைத் தாங்கலாம், கதைக்க ஆளில்லாததைத் தாங்கேலாது."

அந்த மாகாணத்தின் சட்டப்படி வெளியூர்க்காரன் தன்பாட்டில் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஆட்டுக்குப் போக முடியாது. அங்கேயே வசிக்கும் ஒருவர் கூட நிற்கவேண்டும். காசு கொடுத்து வழிகாட்டி பிடிப்பது பணக்காரர் விளையாட்டு. எனக்கிருந்த ஒரே வழி மச்சான்தான். அவனும் சும்மா கூப்பிடவில்லை, ஒரு நிபந்தனை போட்டான்.

"நாப்பது இறாத்தலை முதுகில போட்டுக்கொண்டு நாள் முழுக்க ஏறவேணும். ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. அங்க வைச்சு உங்களையும் சேர்த்துத் தூக்க என்னால ஏலாது."

ஆடு என்றதும் எங்கள் சனத்துக்குக் கறிதான் நினைவுக்கு வரும். இது அந்த ஆடு அல்ல. மரங்கள் முடிந்து வெறும் கல்லும் புல்லும் மட்டும் இருக்கிற உயரத்தில் திரிகிற காட்டுச் செம்மறி. கடாவின் கொம்பு சங்குபோலச் சுருண்டு முழு வட்டம் வந்திருந்தால்தான் சுடலாம். இதையெல்லாம் வேலைத்தலத்தில் கூட வேலை செய்யும் சென்னைக்காரர் ஒருவரிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் சார், கடைல மட்டன் கிடைக்கலையா?" என்றார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை நான் வேறு யாரிடமும் எடுக்கவில்லை, கோயில் பக்கம் அறவே எடுக்கவில்லை.

எனக்கு வேட்டை புதிதல்ல. மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கம் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அங்குள்ள கியூபெக்காரர்களோடு சேர்ந்து பல வருடங்களாக இலையுதிர் காலத்தில் மானுக்குப் போகிறேன். ஆனால் அந்த வேட்டை உட்கார்ந்து செய்வது. மரத்தடியில் கதிரை, மடியில் துவக்கு, பக்கத்தில் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணி. மான் வந்தால் வேட்டை, வராவிட்டால் நித்திரை. என்னிடம் இருந்த சாமான்கள் எல்லாம் உட்காருவதற்கானவை. றப்பர் சப்பாத்து, மெத்தை போலக் கனக்கும் சட்டை. துவக்கைத் தவிர ஒன்றுமே மலைக்கு உதவாது என்று மச்சான் ஒரே மூச்சில் தள்ளிவிட்டான். எனக்குக் கவலை வரவில்லை. புதுச் சாமான் வாங்க ஒரு ஆணுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

அதே பங்குனியில் வீட்டில் வேறொரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி மன்னாரில் ஆசிரியையாக இருந்தவள். இங்கே வில்லரேயில் ஒரு கார்தரியில் உதவியாளர். கார்தரி என்பது பள்ளி வயது வராத பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். அங்கே ஒரு வகுப்பை முழுமையாக எடுத்து நடத்துகிற வேலை காலியாக இருந்தது. பொறுப்பாளர் அம்மாவுக்கு இவளைத்தான் பிடிக்கும். ஆனால் அதற்குப் பிரெஞ்சுப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கவேண்டும். ஆனி மாதப் பரீட்சையில் பாஸ் பண்ணினால் வகுப்பு உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளை எடுக்கத்தான் வேண்டும் என்று அந்த அம்மா வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

என் மனைவி ஏற்கெனவே இரண்டு முறை அந்தப் பரீட்சையில் விழுந்தவள். எழுத்தில் குறை இல்லை. வாய்தான் விழுத்தியது. அவளுடைய பிரெஞ்சு பிள்ளைகளோடு பழகி வந்த பிரெஞ்சு. இரு, எழும்பு, கையைக் கழுவு, மூக்கைச் சிந்து, சப்பாத்தைப் போடு. எல்லாம் கட்டளை, எல்லாம் நீ. முதல் முறை பரீட்சை நடத்திய அம்மாவை நேரடியாக "நீ" என்றே கூப்பிட்டதோடு, அவர் கடதாசிகளைக் கீழே தவறவிட்டபோது, நல்ல பிள்ளையாகப் பொறுக்கி எடு என்றும் சொல்லிவிட்டாள். இரண்டாம் முறை அந்தப் பயத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "நீங்கள்" தேடித் தேடி, கடைசியில் ஒன்றுமே வாயில் வராமல் மேசையைப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். வகுப்பு நிறையப் பிள்ளைகளைக் கண்ணாலேயே அடக்குகிற பெண், அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

"மூண்டாந்தரம் நான் போகமாட்டன். அந்த அறைக்குள்ள போனால் எனக்குத் தமிழே மறந்துபோகுது. நான் உதவியாளராவே இருந்திட்டுப் போறன்."

"யோசிச்சுச் சொல்லும்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத இடத்தில் ஆண்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடைக்குப் போனேன்.

முதலில் சப்பாத்து. மற்றதெல்லாம் பிழைத்தாலும் திரும்பி வரலாம், சப்பாத்து பிழைத்தால் திரும்பி வரவும் முடியாது என்று மச்சான் சொல்லியிருந்தான். மலைச் சப்பாத்தின் அடி பலகை மாதிரி வளையாமல் இருக்கும். சரிவில் காலை விளிம்பால் ஊன்றி நடக்க அது வேண்டும். சிக்கல் என்னவென்றால் அவற்றை ஒடுங்கிய வெள்ளைக்காரப் பாதங்களுக்கு அளவெடுத்துச் செய்கிறார்கள். என்னுடையது பாட்டா செருப்பில் சுதந்திரமாக விரிந்து வளர்ந்த பாதம். முன்பக்கம் விசிறி. கடையில் இருந்த பெண் என் பாதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஓ லா லா" என்றாள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். கடைக்குள்ளேயே பிளாஸ்டிக்கில் ஒரு சின்னப் பாறை செய்து வைத்திருந்தார்கள். அதில் ஏறி இறங்கிக் காட்டச் சொன்னாள். இறங்கும்போது விரல் நுனி முன்னே முட்டினால் சப்பாத்து சரியில்லை. முட்டியது. அடுத்த சோடி முட்டவில்லை, குதி உரசியது. அதற்கடுத்த சோடியில் இரண்டும் இல்லை, ஆனால் சின்னவிரல் செத்துப்போனது. நான் அந்தப் பாறையில் ஏறி இறங்கியதைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை தானும் ஏறவேண்டும் என்று அழத் தொடங்கியது. கடைசியில் அகலமான ஒரு சோடியைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். தடித்த கம்பளி மேசு போட்டு, இரண்டு மாதம் பாரத்தோடு நடந்து பழக்கு என்றாள். பழக்காத சப்பாத்தோடு மலைக்குப் போகிறவன் கொப்புளத்தோடுதான் திரும்புவானாம்.

பிறகு முதுகுப்பை. அது வந்த அன்று மனைவி அதைக் கூடத்தில் நிறுத்தி வைத்துச் சுற்றி வந்தாள்.

"உதுக்குள்ள எங்கட வகுப்புப் பிள்ளையள் நாலு பேரை வைக்கலாம். போற வழியில ஆரையும் கடத்தப் போறியளோ?"

கூடாரம் வந்தது. இரண்டு பேருக்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. கூடத்தில் விரித்து நானும் அவளும் படுத்துப் பார்த்தோம். கூரையைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கெண்டு ஆர் சொன்னது? ஒட்டிப் பிறந்த ரெண்டு பேருக்கோ?" என்றாள். நித்திரைப் பை வந்தது. வாத்திறகு அடைத்தது, சுருட்டினால் ஒரு பாண் அளவுக்கு வரும். சித்திரையில் இன்னும் குளிர் விடாத ஒரு சனிக்கிழமை பகல், பின் பல்கனியில் அதை விரித்து உள்ளே புகுந்து, மூக்கை மட்டும் வெளியே விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் எட்டிப் பார்த்து, மதாம் வெளியே போட்டுவிட்டாளா என்று அனுதாபத்தோடு பிரெஞ்சில் விசாரித்தார். உள்ளிருந்து அவள் யன்னலைத் திறந்து, "இன்னும் இல்லை!" என்று பிரெஞ்சிலேயே கத்தினாள். அது பிழையில்லாத பிரெஞ்சு. அதைச் சொல்லிக் காட்டினேன். அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பல்கனியில பரீட்சை வைச்சால் நான் எப்பவோ பாஸ்."

இதற்குள் எனக்குப் பாரம் என்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. வேலையிலும் எங்களுக்கு அதுதான் வேதம். ஒரு துண்டு உலோகத்தில் எங்கே சுரண்டினால் கொஞ்சம் குறையும் என்று பார்ப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். குசினித் தராசைத் தூக்கிக் கூடத்தில் வைத்து ஒவ்வொன்றாக நிறுத்தேன். கரண்டி நிறுத்தேன், கயிறு நிறுத்தேன், மேசு நிறுத்தேன். சட்டைகளின் கழுத்தில் தைத்திருந்த துணிச் சீட்டுகளை வெட்டினேன். பல் விளக்கும் பிரஸ்ஸின் பிடியைப் பாதியாக அறுத்தேன். மனைவி பிட்டு அவிக்க மாவை அளக்கத் தராசைத் தேடி வந்தவள், நான் பிரஸ்ஸை அறுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் வயிற்றைப் பார்த்தாள்.

"வெட்டுறதெண்டால் முதல் வெட்ட வேண்டிய இடம் அதில்லை."

பழக்குவதற்குப் படி வேண்டியிருந்தது. மொன்றியலில் மலை என்று சொல்லிக்கொள்கிற ஒன்று இருக்கிறது. அதன் சரிவில் பெரிய சூசையப்பர் கோயில். தெருவிலிருந்து கோயில்வரை நேராக மேலே போகும் படிவரிசை. நடுவில் மரப்படி, அது முழங்காலில் ஏறிச் செபிக்கிறவர்களுக்கு மட்டும். இரண்டு பக்கமும் சீமெந்துப் படி, அது என்னைப் போன்றவர்களுக்கு. சனி காலைகளிலும் வேலை முடிந்து வரும் பின்னேரங்களிலும் அங்கே போய் ஏறி இறங்குவது என்று தீர்மானித்தேன்.

பையில் நாற்பது இறாத்தல், அதாவது பதினெட்டுக் கிலோ, போடவேண்டும். சில பேர் மணல் மூட்டை போடுவார்களாம், சில பேர் தண்ணீர்க் கான். தமிழன் வீட்டில் நாற்பது இறாத்தலுக்கு ஏன் தேடவேண்டும்? அரிசி மூட்டை அளந்து கட்டியே வருகிறது. குசினி மூலையில் இருந்ததைத் தூக்கப் போனேன்.

"சம்பாவை வையுங்கோ, அது உலைக்கு. மற்றப் பச்சையரிசியைக் கொண்டுபோங்கோ. ஓட்டை விழுத்தாமல் கொண்டுவாங்கோ" என்றாள். அவ்வளவுதான் அனுமதி.

முதல் நாள் பாதிப் படியில் என் இருதயம் காதுக்குள் அடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சப்பாத்தைப் பார்ப்பதற்காகக் குனிந்து, பார்த்த பிறகும் நிமிர முடியாமல் அப்படியே நின்றேன். பக்கத்து மரப்படியில் ஒரு வயதான அம்மா முழங்காலில் என்னைக் கடந்து போனார். இரண்டாம் கிழமை நிற்காமல் ஏறினேன். மூன்றாம் கிழமை இரண்டு முறை. மேலே போனதும் வேர்வையைத் துடைத்துவிட்டு மச்சானுக்கு எடுத்து நிலவரம் சொல்வேன். பையின் இடுப்புப் பட்டி எங்கே இறுக்கினால் தோள் நோகாது, இறக்கத்தில் ஊன்றுகோலை எவ்வளவு நீட்டவேண்டும் என்றெல்லாம் அவன் அங்கிருந்தே சொல்வான்.

அப்படி ஒரு சனிக்கிழமை, ஏறி முடித்துக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு அக்கா எதிரே வந்து நின்றார். பாடகர் குழுவில் பாடுகிறவர். அவர் குரலைப் போலவே அவரிடம் போகிற செய்தியும் கோயிலின் கடைசி வாங்குவரை போகும்.

"தம்பி? நீரே? என்ன இது முதுகில?"

மூச்சு இருந்திருந்தால் முழுக் கதையையும் சொல்லியிருப்பேன். இருந்த மூச்சுக்கு ஒரு சொல்தான் வந்தது.

"அரிசி."

அக்காவின் முகம் மாறியது. என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார், மேலே கோயிலைப் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"நேர்த்திக்கடனே தம்பி?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆனால் குனிந்து, வேர்த்து, வாயைத் திறந்துகொண்டு ஆட்டும் தலை எந்தப் பக்கம் ஆடியது என்று யாருக்குத் தெரியும்? அவர் என் தோளைத் தொட்டு, "சூசையப்பர் கைவிடமாட்டார். சொல்ல வேண்டாம், நேர்த்தியை வெளியில சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மூச்சு வந்த பிறகு சிரித்தேன். வீட்டிலும் சொல்லவில்லை. சொன்னால் அரிசிக்குத் தடை வரும் என்று நினைத்தேன்.

அதன்பிறகு வீட்டில் விசித்திரங்கள் நடந்தன. தொலைநோக்கிக் கண்ணாடி வாங்க வேண்டியிருந்தது. சாமான்களிலேயே விலை கூடியது அதுதான். கொம்பின் வட்டம் முழுமையாக வந்திருக்கிறதா என்று எதிர் மலையிலிருந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மலிவான கண்ணாடியில் ஆடும் கல்லும் ஒன்றுபோலத் தெரியும். இதை எப்படிச் சொல்லிச் சம்மதிக்க வைப்பது என்று ஒரு கிழமை ஒத்திகை பார்த்தேன். கடைசியில் சாப்பாட்டு மேசையில் முதல் வாக்கியத்தைத் தொடங்கியதுமே அவள் சொன்னாள்.

"வாங்குங்கோ. கண்ணில கஞ்சத்தனம் பிடிக்காதேங்கோ."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் படிக்குப் போகும்போது தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துப் போத்தலில் தந்தாள். அரிசி மூட்டையின் வாயை ஊசி நூலால் தானே தைத்து வைத்திருந்தாள். மேசுகளைத் தோய்த்து மடித்திருந்தாள். என் நியாயங்களின் பலம்தான் இவளை மாற்றியிருக்கிறது என்று நினைத்து எனக்குள் பெருமை ஏறியது. மச்சானிடம் அதைச் சொல்லியும் காட்டினேன். "எங்கட அக்காவோ? அத்தான், எதுக்கும் கவனமா இருங்கோ" என்றான்.

அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று. அவள் மறுபடி பரீட்சைக்குப் பதிந்துவிட்டாள். பதிந்துவிட்டு வந்துதான் சொன்னாள். சமைக்கும்போது அடுப்போடு பிரெஞ்சில் பேசத் தொடங்கினாள். அடுப்பை மரியாதையாக "நீங்கள்" என்று கூப்பிட்டாள். கூடத்தில் இருந்த என் சாமான்களைக் காட்டி, இது எதற்கு, அது எதற்கு என்று பிரெஞ்சில் கேட்டு, தானே பதிலும் சொன்னாள். இடையில் சொல் வராமல் நின்றால் முகம் இறுகிப் போகும். அப்போது நான் மூச்சுக் காட்டாமல் கயிறு சுற்றிக்கொண்டிருப்பேன். பயம் போகவில்லை, ஆனால் பயத்தோடேயே நடந்து பழகுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

காரணம் தெரிந்தது பரீட்சைக்கு முந்திய ஞாயிறு. பூசை முடிந்து கோப்பி குடிக்கிற இடத்தில் ஒரு பெரியவர், வாசகம் வாசிக்கிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"தம்பி, உம்மட மனிசி குடுத்து வைச்சவ. எங்கட ஆம்பிளையள் மனிசியின்ர பரீட்சைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்துவினமோ? நீர் அரிசி மூட்டையைச் சுமக்கிறீர். நாங்கள் எல்லாரும் அவவுக்காகச் செபிக்கிறம். அவவிட்டையும் சொன்னனாங்கள்."

"அவவிட்டைச் சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஒரு மாதத்துக்கு மேல. பாவம், கண் கலங்கிப் போச்சு அவவுக்கு."

அவள் பரீட்சையில் இரண்டு முறை விழுந்தது கோயில் முழுக்கத் தெரியும், நேர்த்தி எதற்கென்று பாடகர் குழு அக்காவே முடிவு கட்டியிருக்கிறார். இப்போது எல்லாம் பொருந்தியது. கண்ணாடி, தேசிக்காய்த் தண்ணீர், தைத்த மூட்டை, பரீட்சைப் பதிவு, எல்லாம். என் நியாயங்களுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. தனக்காக ஒருவன் பாரம் சுமக்கிறான் என்று நம்பித்தான் அவள் அந்த அறைக்குள் மறுபடி போகத் துணிந்திருக்கிறாள். நான் சுமந்ததோ என் சப்பாத்துக்காக.

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால் பரீட்சைக்குப் போகாமல் விட்டுவிடுவாள், அல்லது போய் மறுபடி மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். சொல்லாமல் விட்டால் அவள் பொய்யில் நிற்கிறாள். எனக்கு வாழ்க்கையில் இவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை. அந்தக் கிழமை முழுக்க நான் சாமான் எதையும் நிறுக்கவில்லை.

பரீட்சை நாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளைக் கொண்டுபோய் இறக்கினேன். நீல நிறச் சட்டை போட்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் எடுக்குமெண்டு தெரியாது. நீங்கள் போயிட்டு வாங்கோ."

எங்கே போவது என்று அவள் கேட்கவில்லை, நான் சொல்லவுமில்லை. நேராகச் சூசையப்பர் கோயிலுக்குப் போனேன். அன்று பை இல்லை, அரிசி இல்லை, ஊன்றுகோல் இல்லை, அந்தச் சப்பாத்தும் இல்லை. வேலைக்குப் போடுகிற காற்சட்டையோடு நடுவிலுள்ள மரப்படியில் முழங்காலை வைத்தேன்.

நான் பெரிய பக்திமான் அல்ல. ஞாயிறு பூசைக்குப் போவேன், பிரசங்கத்தில் கண் அசருவேன். செபம் என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு படிக்கும், அவளுக்கு வாய் வரவேணும், அவளுக்கு வாய் வரவேணும் என்று மட்டும் சொன்னேன். பத்துப் படிக்குள் முழங்காற் சில்லு இரண்டும் எரியத் தொடங்கின. தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, கணுக்காலுக்குப் பட்டி, கண்ணுக்குக் கண்ணாடி என்று மூன்று மாதமாகத் தேடித் தேடி வாங்கியிருந்தேன். முழங்காலுக்கென்று ஒரு சாமானும் வாங்கவில்லை. நடுவில் ஒரு தரம் விட்டுவிடலாம் என்று எழும்பப் பார்த்தேன். அவள் அந்த அறைக்குள் இருக்கிறாள் என்ற நினைப்பு வந்தது. மறுபடி முழங்காலை வைத்தேன். மேலே போய்ச் சேர்ந்தபோது எழும்பி நிற்கத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது. அன்று மச்சானுக்கு எடுக்கவில்லை.

திரும்பிப் போய்க் காத்திருந்தேன். அவள் வெளியே வந்து காரில் ஏறினாள். பட்டியைப் போட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிவு வரச் சில கிழமைகள் இருந்தன. பாஸ் பண்ணினாள், வகுப்பும் கிடைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த நேரம் எங்கள் இருவருக்கும் அது தெரியாது.

"எப்பிடி?" என்றேன்.

"கதைச்சன்."

"என்ன கேட்டவை?"

"குடும்பத்தில ஒராளைப் பற்றிச் சொல்லச் சொன்னவை. உங்களைப் பற்றிச் சொன்னன். என்ர மனுசன் எனக்காக அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு சூசையப்பர் படி ஏறுறார் எண்டு சொன்னன். அந்த அம்மா பேனையைக் கீழ வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. நானும் நிப்பாட்டேல்லை. எல்லாம் 'நீங்கள்'தான், ஒரு இடத்திலயும் பிசகேல்லை."

இதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "இஞ்சரும், நான் உம்மட்டை ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினேன்.

"சப்பாத்துப் பழக்கத்தானே ஏறினனீங்கள்? தெரியும்."

காரை ஸ்டார்ட் பண்ணப் போன கை அப்படியே நின்றது.

"எப்பவிருந்து தெரியும்?"

"என்ன எப்பவிருந்து? நான் விசரியோ? நேர்த்தி வைக்கிறவன் படியேறி முடிய மச்சானுக்குப் போன் எடுத்துக் குதி வெட்டேல்லை எண்டு சொல்லுவானே? தம்பி எல்லாம் சொல்லுறவன்."

"அப்ப கோயில்ல சொல்லேக்க ஏன் பேசாமல் இருந்தனீர்?"



"எல்லாரும் வந்து கையைப் பிடிச்சு, உமக்காக உம்மட மனுசன் இவ்வளவு பாடுபடுறார் எண்டு சொல்லிச்சினம். பொய்யெண்டு எனக்குத் தெரியும். ஆனால் கேட்க நல்லா இருந்தது. அதுதான் பேசாமல் இருந்திட்டன்."

நான் காரை எடுப்பதற்காகக் காலை மாற்றி வைத்தபோது வாயை மீறி ஒரு சத்தம் வந்துவிட்டது. அவள் குனிந்து பார்த்தாள். காற்சட்டை இரண்டு முழங்காலிலும் தேய்ந்து அழுக்காகி, ஒரு பக்கம் நூல் விட்டிருந்தது.

"உதென்ன முழங்கால்?"

"இண்டைக்கு மூட்டை கொண்டுபோகேல்லை" என்றேன்.

"நடுப்படியாலயோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"ஓம்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொண்டே கையை மட்டும் நீட்டி என் முழங்காலில் வைத்தாள். சரியாக நொந்த இடத்தில். வில்லரே வந்து சேரும்வரை நான் அதை எடுக்கச் சொல்லவில்லை.